நாக்குக்கடியில் வந்த கட்டியும் 30 நாள் நூலும்

போன ஆனி மாதம் மகளுக்குப் பல் துலக்கிவிடும்போதுதான் பார்த்தேன். அவளுக்கு 7 வயது. நாக்குக்கடியில் இடப்பக்கமாக நாவற்பழ அளவுக்கு ஒரு கட்டி. லேசான நீல நிறம், கண்ணாடி மாதிரிப் பளபளப்பு. வலியில்லை என்றாள். சோறு விழுங்கும்போது மட்டும் "என்னமோ இடிக்குதும்மா" என்றாள்.

பக்கத்துக் கிளினிக்கில் சூட்டுக் கொப்புளம் என்று ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். 4 நாளில் கட்டியைக் காணோம். மருந்து கேட்டுவிட்டது என்று நினைத்தேன். உண்மையில் அது தானே உடைந்து வடிந்திருக்கிறது. பத்து நாளில் மறுபடி நிரம்பிவிட்டது. இப்படி 3 தடவை. "ஊசியால குத்தி விட்டுடலாமே" என்று அத்தை சொன்னபோதுதான் இனித் தாமதிக்கக் கூடாது என்று பல் மருத்துவக் கல்லூரிக்கு, குழந்தைகள் பிரிவுக்குக் கூட்டிப்போனேன்.

டாக்டர் பார்த்ததுமே "ரானுலா" என்றார். லத்தீனில் குட்டித் தவளை என்று பொருள். தவளை வயிறு போல உப்பியிருப்பதால் அந்தப் பேர். நாக்குக்கடியில் உள்ள எச்சில் சுரப்பியின் குழாய் சேதமானால் எச்சில் வாய்க்கு வராமல் சதைக்குள் கசிந்து தேங்குகிறது. கிருமி இல்லாத இடத்தில் ஆன்டிபயாட்டிக் என்ன செய்யும்? உதட்டைக் கடிக்கும் பிள்ளைகளுக்குக் கீழுதட்டின் உள்பக்கம் வரும் மியூகோசீல் என்ற எச்சில் கட்டியும் இதே வகைதானாம்.

மயக்க மருந்து கொடுத்துக் கட்டியோடு சுரப்பியையும் எடுப்பது ஒரு வழி. நாக்கு நரம்பு அதை ஒட்டியே போகிறது என்றதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இன்னொரு வழி, கட்டியின் குறுக்கே பட்டு நூலைக் கோத்து விட்டுவிடுவது. நூல் இருக்கும் நாட்களில் அதைச் சுற்றிப் புதுத் தோல் வளர்ந்து, எச்சில் வெளியேற நிரந்தர வழி உண்டாகும். கட்டி கழுத்துப் பக்கம் இறங்கியிருந்தால் இது சரிப்படாது என்று தாடைக்கடியில் அழுத்திப் பார்த்தார், ஸ்கேனும் எடுத்தார். திரும்ப வர வாய்ப்பு உண்டு, வந்தால் ஆபரேஷன்தான் என்பதையும் மறைக்காமல் சொன்னார். அதனாலேயே எனக்கு நம்பிக்கை வந்தது. சரி என்றேன்.

மரத்துப்போகும் ஜெல் தடவி, சில நிமிடம் காத்திருந்து, வளைந்த ஊசியால் வரிசையாக 4 தையல். மெத்தை தைக்கிற மாதிரி, ஒவ்வொன்றும் தனி முடிச்சு. முதல் தையலிலேயே முட்டை வெள்ளைக்கரு போலக் கொழகொழவென்று நீர் வழிந்தது. என் விரலை இறுக்கிப் பிடித்திருந்தாள். கண் கலங்கியது, ஆனால் அழவில்லை. எல்லாம் சேர்த்து 15 நிமிடம்கூட ஆகவில்லை.

அப்புறம் வந்த 30 நாள்தான் கஷ்டம். முறுக்கு, கடலைமிட்டாய் எதுவும் கிடையாது. குழைந்த ரசம் சாதம், தயிர்சாதம், ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பு. நாக்கு நுனியால் முடிச்சை நெருடிக்கொண்டே இருப்பாள். 12ஆம் நாள் இட்லியோடு ஒரு கறுப்பு நூல் துண்டு வந்துவிட்டது. பதறிப்போய் அன்றே ஓடினேன். மீதி 3 தையலும் பிடிப்பாக இருந்ததால், விழுந்த இடத்தில் மட்டும் புதிதாக ஒன்று போட்டார்கள். நூல் விழுந்தால் காத்திராமல் உடனே போய்க் காட்டுங்கள். வழி உருவாகுமுன் மூடிக்கொண்டால் கட்டி திரும்ப நிரம்பும்.

30ஆம் நாள் நூல்களை வெட்டி எடுத்தபோது அந்த இடம் தட்டையாக இருந்தது. இப்போது 8 மாதம் ஆகிறது, கட்டி வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பல் துலக்கியதும் அவளே நாக்கைத் தூக்கி, "தவளை இல்லம்மா, பாரு" என்று டார்ச்சை என் கையில் கொடுக்கிறாள்.