சீட்டில் எழுதாதது

ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் என்ற ஊர்ப் பக்கத்தில் ஒரு சின்ன கிளினிக்கில் பத்தொன்பது வருஷமாக நர்ஸாக இருக்கிறேன். அதில் பதினெட்டு வருஷத்துக்கு மேல் ஒரே டாக்டரிடம். போன வருஷம் மே மாதம் ஒரு விடியற்காலையில் அவர் தூக்கத்திலேயே போய்விட்டார். ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இல்லையா, விசைப்படகெல்லாம் கரையில்தான் கிடந்தது. வேதாளை, மரைக்காயர்பட்டினம், பாம்பன், தங்கச்சிமடம் என்று எல்லா ஊரிலிருந்தும் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். வேறு மாசமாக இருந்தால் பாதிப் பேர் கடலில் இருந்திருப்போம், அய்யா முகத்தைக்கூடப் பார்த்திருக்க முடியாது என்று சொல்லிச் சொல்லி அழுதார்கள்.

மூன்று மாதம் கிளினிக் பூட்டிக் கிடந்தது. ஆகஸ்ட்டில் அவர் குடும்பத்தார் அதை ஒரு டாக்டரம்மாவிடம் ஒப்படைத்தார்கள். முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும், கோயம்புத்தூர் பக்கம், கடலோரத்தில் வேலை பார்ப்பது இதுதான் முதல் தடவை. வந்த அன்றே என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "பழைய ரெக்கார்டு எல்லாம் எங்க இருக்கு சிஸ்டர்?"

ரெக்கார்டு என்று ஒன்று இருந்தால்தானே காட்டுவதற்கு. நோயாளி கையில் ஒரு சீட்டு இருக்கும், அதில் தேதி, பிரஷர் எவ்வளவு, மாத்திரைப் பெயர், அவ்வளவுதான். மற்றதெல்லாம் டாக்டரய்யா மனசுக்குள் இருந்தது, அதில் கொஞ்சம் எனக்கும் தெரியும்.

உதாரணத்துக்கு ஒன்று சொல்கிறேன். கடல்பாசி எடுக்கப் போகும் பெண்களில் பிரஷருக்கு நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் உண்டு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் நன்றாக வற்றும் நாள்களில் விடியுமுன்பே வள்ளத்தில் ஏறித் தீவுப் பக்கம் போவார்கள், விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு மணிக்கணக்காகப் பாறையில் மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்கிற பாசிகளைப் பறிப்பார்கள். ஆண்களும் இருக்கிற வள்ளத்தில் அடிக்கடி ஒண்ணுக்குப் போக முடியுமா? அதனால் அந்த மாத்திரையை மட்டும் எடுத்துத் தனியாக வைத்துவிடுவார்கள். டாக்டரய்யா அவர்களைத் திட்டியதே கிடையாது. "பாசிக்குப் போற அன்னைக்கு மட்டும் வீட்டுக்கு வந்து போட்டுக்க தாயி" என்பார். சீட்டில் 'காலை 1' என்றுதான் இருக்கும். அந்தச் சீட்டைப் பார்க்கிற புது டாக்டருக்கு இதெல்லாம் எங்கிருந்து தெரியும்?

டாக்டரம்மா நாள்பட்ட நோயாளிகளை எல்லாம் திங்கள்கிழமை வரச்சொல்லி ஏற்பாடு செய்தார். மூன்று திங்கள்கிழமையாக ஆண்கள் பெரும்பாலும் வரவில்லை, அவருக்கு மனசு சோர்ந்துவிட்டது, இந்த ஊர் ஜனங்களுக்கு உடம்பைப் பற்றி அக்கறையே இல்லையா என்று கேட்டார். எங்கள் பக்கம் விசைப்படகு கடலுக்குப் போவது திங்கள், புதன், சனி. நாட்டுப்படகு மற்ற நாள்களில் போகும். அதை நான் முதல் வாரமே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. அந்த அம்மா மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. ஆனால் அந்த நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் தொண்டையில் என்னவோ அடைக்கும். எனக்குத் தெரிந்ததை எல்லாம் எடுத்துக் கொடுத்துவிட்டால் டாக்டரய்யா நிஜமாகவே இல்லாமல் போய்விடுவார் என்று நினைத்தேனோ என்னவோ. நான் இப்படி வாயை மூடிக்கொண்டிருந்ததால் ஒருத்தர் உயிருக்கே ஆபத்து வரப் பார்த்தது.

அவர் நாட்டுப்படகில் போகிறவர், அறுபதை நெருங்கும் வயது. கடலுக்குப் போகும் நாளில் பிரஷர் மாத்திரை போட மாட்டார், போட்டால் கிறுகிறுக்கிறது என்பார். டாக்டரய்யாவிடம் அதை ஒளிக்காமல் சொல்வார், அய்யாவும் அதற்கேற்ற மாதிரி ராத்திரிக்கு ஒன்று என்று மாற்றி, நடுவில் பிடித்துப் பிடித்துப் பேசி எப்படியோ ஓட்டிக்கொண்டிருந்தார். அய்யா போனதிலிருந்து அவர் ஒழுங்காகச் சாப்பிடவே இல்லை. டாக்டரம்மா பார்த்தபோது பிரஷர் 180. "மாத்திரை தினமும் சாப்பிடுறீங்களா?" என்றார். மனுஷன் கையைக் கட்டிக்கொண்டு, "சாப்பிடுறேம்மா" என்றார். புது ஆளிடம், அதுவும் மகள் வயதுள்ள படித்த பெண்ணிடம், இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன். பொய் என்று எனக்குத் தெரியும்.

மாத்திரை சாப்பிட்டும் 180 என்றால் எந்த டாக்டரும் மருந்தைக் கூட்டத்தான் செய்வார். அம்லோடிபின் 5 மில்லிகிராமோடு டெல்மிசார்டன் 40ம் சேர்த்து எழுதினார். வீட்டில் மகன் விவரமானவன், இரண்டையும் கையில் கொடுத்து விழுங்கும்வரை பக்கத்திலேயே நின்றிருக்கிறான். கொஞ்ச நாளில், நல்ல வெயிலில் வலையை இழுத்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். கரையில் வைத்து நடந்ததால் தப்பித்தார். கொண்டுவந்தபோது பிரஷர் 90க்குக் கீழே. படுக்க வைத்து, காலை உயர்த்தி, சலைன் ஏற்றி, இரண்டு மணி நேரம் டாக்டரம்மா அந்தக் கட்டிலை விட்டு நகரவில்லை.

கண் தெளிந்ததும் அவரே உண்மையைச் சொல்லிவிட்டார். டாக்டரம்மா திரும்பி என்னைப் பார்த்தார்.

"உங்களுக்குத் தெரியுமா சிஸ்டர்?"

"தெரியும்மா."

சத்தம் போடுவார் என்று நினைத்தேன், போட்டிருந்தால் மனசு ஆறியிருக்கும். "இனிமே என்கிட்ட சொல்லிடுங்க" என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் கடையில் நாற்பது பக்க நோட்டுகளை ஒரு கட்டு வாங்கிக்கொண்டு போனேன். ஆளுக்கு ஒரு நோட்டு. சாயங்காலம் கூட்டம் குறைந்த பிறகு நான் சொல்லச் சொல்ல டாக்டரம்மா எழுதுவார். கடலுக்குப் போகும் நாள், எந்த நேரம் கரைக்கு வருவார், மாத்திரையை யார் எடுத்துக் கொடுக்கிறார்கள், எதை விட்டுவிடுவார், எதைக் கேட்டால் வெட்கப்படுவார். 'சாப்பிட்டேன் என்பார், நம்ப வேண்டாம், மனைவியிடம் கேட்கவும்' என்று ஒரு நோட்டில் எழுதியபோது ஊர்க்காரரைக் காட்டிக்கொடுக்கிற மாதிரி எனக்குக் கூச்சமாக இருந்தது. "இது அவரைப் பத்தின குறை இல்லை சிஸ்டர், அவருக்குப் பாதுகாப்பு" என்றார் டாக்டரம்மா. அது சரிதான், இருந்தாலும் கூச்சம் போக நாளாயிற்று.

எழுத உட்கார்ந்த பிறகுதான் எனக்கே தெரியாத விஷயங்களும் வெளியே வந்தன. மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021 ஆகஸ்ட்டில் அரசாங்கம் தொடங்கிய திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. நல்ல திட்டம், நடக்க முடியாதவர்களுக்குப் பெரிய உதவி. ஆனால் எங்கள் நோயாளிகள் சிலர் அதையும் வாங்கி எங்கள் மாத்திரையையும் வாங்கி இரண்டையும் விழுங்கிக்கொண்டிருந்தார்கள். அட்டை வேறு, நிறம் வேறு, உள்ளே மருந்து ஒன்றே. அதன் பிறகு வீட்டில் இருக்கிற எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்து வரச் சொல்ல ஆரம்பித்தோம். இன்னொரு டாக்டரைத் தேடிப் போகிறவர்கள் யாராக இருந்தாலும் இதைச் செய்யுங்கள். சீட்டை மட்டும் கொண்டு போகாதீர்கள், பையோடு போங்கள், எதைப் போடாமல் விட்டீர்களோ அதையும் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. இது எழுத எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. டாக்டரய்யா வயதான சிலருக்குச் சர்க்கரைக்குக் கிளிபென்கிளமைடு கொடுத்து வந்தார், பல வருஷப் பழக்கம். வயதானவர்களுக்கு, அதுவும் கிட்னி பலவீனமாக இருந்தால், அது உடம்பில் நீண்ட நேரம் தங்கிச் சர்க்கரையை ஒரேயடியாக இறக்கிவிடும் என்று டாக்டரம்மா எல்லோருக்கும் கிரியேட்டினின், அதாவது கிட்னி எப்படி இருக்கிறது என்று காட்டும் ரத்த டெஸ்ட், பார்க்கச் சொன்னார். ஒரு பாட்டிக்கு 2.1 வந்தது, கிட்னி பலவீனம் என்று அர்த்தம். அந்தப் பாட்டி விடியற்காலையில் வேர்த்துக் கொட்டுகிறது என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார், நானும் புழுக்கம் என்றே நினைத்திருந்தேன், சர்க்கரை இறங்கியதால் வந்த வேர்வை அது. மருந்தை மாற்றியதும் அந்த வேர்வை நின்றது. அய்யா மேல் தப்பு சொல்ல என்னால் முடியாது, அவர் படித்து வந்த காலத்தில் எல்லோரும் கொடுத்த மருந்து அது. ஆனால் அவர் இருந்திருந்தால் அது அப்படியே தொடர்ந்திருக்கும் என்பதும் உண்மை. இந்த இரண்டையும் ஒன்றாக மனசில் வைத்துக்கொள்ள நான் இன்னும் பழகிக்கொண்டுதான் இருக்கிறேன்.

தனுஷ்கோடியில் பிறந்த ஒரு பெரியம்மா எங்களிடம் வருவார். 1964 டிசம்பரில் புயல் அடித்தபோது சின்னப் பிள்ளை, வீட்டில் இரண்டு பேரைக் கடல் கொண்டுபோனது. வாடைக்காற்று பலமாக வீசத் தொடங்கினால் நெஞ்சு படபடக்கிறது என்று வந்து நிற்பார். டாக்டரய்யா நாடியைப் பிடித்துக்கொண்டே அரை மணி நேரம் பேச்சுக் கொடுப்பார், அதிலேயே சரியாகிவிடும். அவர் நோட்டில் 'வாடை தொடங்கினால் வருவார். 64 புயல். உட்கார வைத்துப் பேசவும்' என்று எழுதியிருந்தோம். இந்த டிசம்பரிலும் வந்தார். டாக்டரம்மா நோட்டைப் பார்த்துவிட்டு முதலில் ஈசிஜி எடுத்தார், பயமில்லை என்று தெரிந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். வெளியே பன்னிரண்டு பேர் காத்திருந்தார்கள். நான் போய் அவர்களிடம் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன்.

இதுவரை நூற்று நாற்பது நோட்டு முடிந்திருக்கிறது. இன்னும் நாற்பது பேர் போல இருக்கிறார்கள், அய்யா இறந்த பிறகு ஒரு தடவைகூட வராதவர்கள். சிலர் ராமநாதபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள், சிலர் பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையிலேயே வாங்கிக்கொள்கிறார்கள், அப்புறம் சிலர் மாத்திரையையே நிறுத்திவிட்டார்கள். அவர்கள் பெயரை எல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை பிரஷர் மிஷினை எடுத்துக்கொண்டு தங்கச்சிமடத்தில் ஐந்து வீடு போய் வந்தேன். மூன்று பேர் வருகிறேன் என்றார்கள். ஒருத்தர், "அய்யா இல்லாத எடத்துக்கு எப்படிம்மா வர?" என்று கேட்டுக் கண்ணைத் துடைத்தார், எனக்குப் பதில் சொல்ல வரவில்லை, கொஞ்ச நேரம் அவரோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். பிரஷர் 170 இருந்தது. அடுத்த ஞாயிறு மறுபடியும் போகப்போகிறேன், டாக்டரம்மாவும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார்.