கிரனாடா நாட்குறிப்பு: வாய்க்கால் போகும் வழியே

அக்டோபர் 21, 2024, திங்கள்

மாட்ரிட் அத்தோச்சா நிலையத்தில் அதிவேக ரயில் ஏறினால் மூன்றரை மணி நேரத்தில் கிரனாடா. ஆனால் ரயிலுக்கும் விடுதிக்கும் முன்னால் வாங்க வேண்டியது, குன்றின் மேல் இருக்கும் அரண்மனைக் கோட்டையான அல்ஹம்ப்ராவின் நுழைவுச்சீட்டு. ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பு உண்டு. பல வாரங்களுக்கு முன்பே தீர்ந்துவிடும். சீட்டு எந்த நாளுக்குக் கிடைக்கிறதோ, அதை வைத்துத்தான் மற்றதெல்லாம்.

பலர் தவறும் இடம் ஒன்று உண்டு. தோட்டம், ஹெனராலிஃபே என்ற தோட்ட மாளிகை, அல்கசாபா கோட்டை மட்டும் பார்க்க விலை குறைந்த சீட்டு ஒன்று விற்கிறார்கள். அதில், இங்கே ஆண்ட நஸ்ரி என்ற முஸ்லிம் அரச வம்சத்தின் அரண்மனைகள் கிடையாது. அரண்மனைகள் இல்லாத அல்ஹம்ப்ரா பாதிகூட இல்லை. 'அல்ஹம்ப்ரா ஹெனரால்' என்று போட்ட சீட்டைத்தான் எடுக்க வேண்டும். பெயரில் இனிஷியல் போட்டு எழுதுவது நம் வழக்கம். இங்கே அது உதவாது. பாஸ்போர்ட்டில் விரிவாக எப்படி இருக்கிறதோ, எண்ணோடு அப்படியே பதிய வேண்டும். வாசலில் ஒத்துப் பார்க்கிறார்கள்.

அக்டோபர் 22, செவ்வாய்

அல்ஹம்ப்ராவுக்கு எதிர்க்குன்று அல்பைசின், பழைய முஸ்லிம் குடியிருப்பு. தெருக்களில் கூழாங்கல் பதித்திருக்கிறார்கள். சக்கரப் பெட்டி உருளாது. மழை பெய்தால் தோல் அடிச் செருப்பு வழுக்கும். ரப்பர் அடி உள்ள காலணிதான் சரி. ஏற முடியாதவர்களுக்கு சி31, சி32 என்ற சிறு பேருந்துகள் உண்டு.

முனைகளில் செங்கல் வளைவோடு சின்னக் கதவுகள் தென்படும். அவை அல்ஹிபே என்ற நிலத்தடித் தொட்டிகள். அல்ஃபகார் ஊற்றிலிருந்து ஐனதாமார் வாய்க்காலில் வந்த நீர் இவற்றில் நிரம்பி, தெருவாரியாகக் குடிநீர் ஆனது. மிகப் பெரியதான அல்ஹிபே தெல் ரேய் சுமார் 300 கன மீட்டர் கொள்ளும். இவற்றைக் கவனிக்காமல் சான் நிக்கோலாஸ் மேட்டுக்கு ஓடிவிடுகிறவர்களே அதிகம்.

அந்த மேட்டுக்குக் காலையில் போய்ப் பயனில்லை, வெயில் எதிரே இருக்கும். இந்த மாதத்தில் மாலை ஆறரைக்குப் போனால் மேற்கு வெயில் பட்டு அல்ஹம்ப்ரா மதில் செம்மண் நிறத்தில் தெரியும்.

அக்டோபர் 23, புதன்

அல்ஹம்ப்ராவில் அக்டோபர் 15 முதல் குளிர்கால நேரம்: காலை 8.30 முதல் மாலை 6 வரை. சீட்டில் அச்சாகியிருப்பது நஸ்ரி அரண்மனை வாசலுக்கான நேரம். வளாகத்துக்குள் அதற்கு முன்பே போகலாம். அந்த நேரம் தவறினால் அரண்மனைக்குள் விடமாட்டார்கள். ஹெனராலிஃபேயிலிருந்து அந்த வாசலுக்கு நடக்கவே இருபது நிமிடம் ஆகும். நேரம் பதினொன்று என்றால் எட்டரைக்கு ஹெனராலிஃபேயில் தொடங்கிப் பத்தேகாலுக்குள் கிளம்பிவிட வேண்டும்.

ஹெனராலிஃபேயிலிருந்து தொடங்கச் சொல்வதற்குக் காரணம், நீரும் அந்த வழியாகத்தான் வருகிறது. தாரோ ஆறு குன்றின் அடிப்பள்ளத்தில் ஓடுகிறது. அங்கிருந்து மேலேற்றுவது கடினம். அதனால் 13ஆம் நூற்றாண்டில் நஸ்ரி மன்னர் முதலாம் முகம்மது காலத்தில், சுமார் 6 கிலோமீட்டர் மேலே, ஆறு உயரத்தில் இருக்கும் இடத்தில் மறித்து, மலைச்சரிவை ஒட்டி மெல்லிய சாய்வில் அசேகியா ரெயால் வாய்க்காலை வெட்டினார்கள். ஹெனராலிஃபே முற்றத்தின் நடுவே நீளமாக ஓடுவது அதே வாய்க்கால்தான். எல்லோரும் படமெடுக்கும் வளைந்த நீர்த்தாரைகள் பிற்காலச் சேர்க்கை. மேலே 'நீர்ப் படிக்கட்டு' இருக்கிறது: இருபுறக் கைப்பிடிச் சுவர்களின் தலையிலேயே நீர் ஓடும். நிதானமாக ஏறிப் பாருங்கள்.

அரண்மனைக்குள் முதுகுப்பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளச் சொல்வார்கள். சுவரின் சுண்ண வேலைப்பாட்டில் உரசிவிடும் என்பதால். அர்ராயானெஸ் முற்றத்தில் குளத்தின் இரு முனைகளிலும் குனிந்து பார்க்க வேண்டும். ஊற்று நேராகக் குளத்தில் விழுவதில்லை. முதலில் ஒரு வட்டக் கல்தட்டில் விழுந்து, வேகம் அடங்கி, ஒடுங்கிய கால்வாய் வழியாக உள்ளே நழுவுகிறது. அதனால்தான் அலை எழாமல், 45 மீட்டர் கோமாரெஸ் கோபுரம் கலையாத பிம்பமாகத் தெரிகிறது. நீரின் வேகத்தைக் கொன்று கண்ணாடி செய்த அந்தக் கைகளுக்கு எத்தனை வணக்கம் சொன்னாலும் தகும்.

அடுத்தது சிங்க முற்றம்: பன்னிரண்டு பளிங்குச் சிங்கங்கள், 124 தூண்கள், ஐந்தாம் முகம்மது கட்டியது. தொட்டி விளிம்பைச் சுற்றி அரசவைக் கவிஞர் இப்னு ஸம்ராக்கின் கவிதை செதுக்கியிருக்கிறது. ஓடுவது நீரா பளிங்கா என்று கண் மயங்குவதாகச் சொல்கிறது அது. பக்கத்து இரு சகோதரியர் மண்டபத்தில் கூரையை அண்ணாந்து பார்க்க ஐந்து நிமிடமாவது ஒதுக்குங்கள்.

வெளியே, ஸ்பெயின் மன்னர் ஐந்தாம் கார்லோஸ் 1527இல் தொடங்கிய அரண்மனைக்குச் சீட்டு தேவையில்லை. சதுரக் கட்டடத்துக்குள் வட்ட முற்றம். நஸ்ரி அரண்மனைகளைப் பார்த்த கண்ணுக்கு அது கனமாகத்தான் இருக்கும்.

அக்டோபர் 24, வியாழன்

காலையில் அரச சிற்றாலயம். 1492இல் நஸ்ரிகளிடமிருந்து நகரைக் கைப்பற்றிய அரச தம்பதி இசபெல், ஃபெர்னாந்தோ இருவரின் கல்லறை. ஒரு மணி நேரம் போதும்.

சாப்பாடு பற்றி: இங்கே பானம் ஒன்று வாங்கினால் தாபா என்ற சிறு தட்டு இலவசமாக வரும். மது வேண்டாதவர்கள் 'மோஸ்தோ' திராட்சைச் சாறு கேட்கலாம். சைவக்காரர்கள் 'வெஹெதாரியானோ' என்று மட்டும் சொன்னால் சூரை மீன் வந்து சேரும். 'சின் கார்னே, சின் பெஸ்காதோ, சின் ஹமோன்' என்று இறைச்சி, மீன், பன்றித்தொடை மூன்றையும் தனித்தனியாக விலக்கிச் சொல்ல வேண்டும். நம்பிக் கேட்கக்கூடியது பெரென்ஹேனாஸ் கோன் மியெல்: மெல்லியதாகச் சீவி மாவில் புரட்டிப் பொரித்த கத்தரிக்காய், மேலே கரும்புப் பாகு. ஆறினால் தொய்ந்துவிடும், வந்ததும் சாப்பிட வேண்டும். பல இடங்களில் மாலை நாலு மணி தாண்டினால் அடுப்பை மூடி, இரவு எட்டரைக்குத்தான் திறப்பார்கள். சாயங்கால ரயில் ஏறுகிறவர்கள் மூன்று மணிக்குள் உட்கார்ந்துவிடுவது நல்லது.