ஒரே அறிக்கை ஐந்து முறை போன கதை

எங்கள் செயலியில் அறிக்கை தயாரிக்கும் பகுதியை மட்டும் பிரித்து, வேறு கணினிகளில் ஓடும் ஒர்க்கர்களிடம் கொடுப்பது என்று முடிவானது. நடுவில் ஒரு மெசேஜ் க்யூ, அதாவது செய்திகள் வரிசையில் காத்திருக்கும் இடம். வெப் பக்கம் "இன்ன அறிக்கை வேண்டும்" என்று ஒரு செய்தியைப் போடும். ஒர்க்கர் அதை எடுத்து, தரவுத்தளத்தைத் துழாவி, பிடிஎஃப் செய்து, கேட்டவருக்கு மின்னஞ்சலில் அனுப்பும். என் மடிக்கணினியில் ராபிட்எம்க்யூ என்ற க்யூ மென்பொருளை டாக்கரில் (மென்பொருளைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் கருவி) ஓட்டி, பைத்தானில் அதனோடு பேச உதவும் பிக்கா நூலகத்தை வைத்து இரண்டே நாளில் எழுதிவிட்டேன். பயனர் கெஸ்ட், பாஸ்வேர்ட் கெஸ்ட், போர்ட் 5672. இனி கிளவுடில் வாங்கிய ராபிட்எம்க்யூவின் முகவரியை மாற்றிப் போடுவது மட்டும்தான் பாக்கி. ஒரே ஒரு வரி. அந்த வரி இரண்டு வாரம் தின்றது.

முதல் பிழை நெட்வொர்க்கைத் தொடுவதற்கு முன்பே வந்தது. போர்ட் எண்ணை முழு எண்ணாக மாற்ற முடியவில்லை என்றது பைத்தான். போர்ட்டைச் சரியாகத்தானே போட்டிருக்கிறேன் என்று நாலு தடவை பார்த்தேன். பிழைச் செய்தியில் "போர்ட்" என்று அது காட்டியதை உற்றுப் பார்த்த பிறகுதான் புரிந்தது: அது என் பாஸ்வேர்டின் முதல் பாதி. தானாக உருவாக்கிய அந்தப் பாஸ்வேர்டுக்கு நடுவில் ஒரு # குறி இருந்தது. யுஆர்எல்லில் # வந்தால் முகவரி அதோடு முடிந்தது என்று பொருள். அதனால் பயனர் பெயரைச் சர்வரின் பெயராகவும், அரை பாஸ்வேர்டைப் போர்ட்டாகவும் எடுத்துக்கொண்டிருக்கிறது. பாஸ்வேர்டில் #, @, / போன்றவை இருந்தால் அவற்றைச் சதவீதக் குறியோடு வரும் வடிவத்துக்கு மாற்றித்தான் யுஆர்எல்லில் வைக்க வேண்டும். மாற்றினேன். ஆனால் அதற்குள் பாஸ்வேர்டின் பாதி லாக்கில் அச்சாகி எல்லோர் கண்ணிலும் பட்டுவிட்டதே! புதிய பாஸ்வேர்ட் ஒன்று போட்டோம். இந்த முறை எழுத்தும் எண்ணும் மட்டும், ஆனால் நீளமாக.

அடுத்து, இணைக்கப் போனால் பதிலே இல்லை. அரை நிமிடம் போல நின்றுவிட்டு டைம்அவுட். இங்கே ஒரு வித்தியாசம் கைகொடுக்கும். "கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு" என்று உடனே வந்தால் பெரும்பாலும் அந்தக் கணினி வரை போய்விட்டோம், அந்தப் போர்ட்டில் கேட்பதற்குத்தான் யாரும் இல்லை. ஒரு சத்தமும் இல்லாமல் டைம்அவுட் ஆனால், பெரும்பாலும் வழியில் எங்கோ ஃபயர்வால் நம் பாக்கெட்டை வாங்கிக் குப்பையில் போடுகிறது. எங்களுக்கு வந்தது இரண்டாவது. ஒர்க்கர்கள் ஓடும் சப்நெட்டுக்கு (நெட்வொர்க்கின் ஒரு பகுதி) அனுமதி கொடுத்திருந்தார்கள், வெப் சர்வர்கள் இருக்கும் சப்நெட்டை மறந்திருந்தார்கள். போதாததற்கு, திறந்திருந்தது 5671, நான் தட்டிக்கொண்டிருந்தது 5672. டிஎல்எஸ் என்ற மறையாக்கம் இல்லாத சாதாரண இணைப்புக்கு 5672, டிஎல்எஸ் உள்ளதற்கு 5671. கிளவுடில் இரண்டாவது மட்டும்தான் திறந்திருந்தது.

போர்ட்டை மாற்றியதும் சான்றிதழைச் சரிபார்க்க முடியவில்லை என்று வந்தது. கன்டெய்னரின் அளவைக் குறைக்கிறேன் என்று நானே தேர்ந்தெடுத்த மெலிந்த இமேஜில் (கன்டெய்னரை உருவாக்கும் அச்சு), யாருடைய சான்றிதழை நம்பலாம் என்று சொல்லும் மூலச் சான்றிதழ்களின் தொகுப்பு இல்லை. "சரிபார்ப்பை அணைத்துவிடு, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்றார் உடன் வேலை செய்பவர். அந்த "அப்புறம்" எந்த நிறுவனத்திலும் வந்து நான் பார்த்ததில்லை. டாக்கர் கோப்பில் ஒரு வரி சேர்த்துத் தொகுப்பை நிறுவியதும் சரியாகிவிட்டது.

கடைசியாக விர்ச்சுவல் ஹோஸ்ட், ஒரே ராபிட்எம்க்யூவுக்குள் க்யூக்களைத் தனித்தனியாகப் பிரித்துவைக்கும் பகுதி. அதன் பெயரை யுஆர்எல்லின் கடைசியில் கொடுக்காவிட்டால் இயல்பாக / என்று எடுத்துக்கொள்ளும். எங்கள் கணக்குக்கு அங்கே அனுமதி இல்லை. 530 என்ற எண்ணோடு மறுத்தது. நல்ல வேளை, பிழையிலேயே எந்த ஹோஸ்ட், எந்தப் பயனர் என்று எழுதியிருந்தது. பாஸ்வேர்ட் தவறு என்றால் 403 வரும். ஆக, 530 வந்ததும் எனக்குப் பாதி சந்தோஷம், பாஸ்வேர்ட் சரி என்று தெரிந்துவிட்டதே.

இணைப்பு கிடைத்தது. சோதனை அறிக்கைகள் பத்துப் பதினைந்து அனுப்பிப் பார்த்தோம், எல்லாம் ஒழுங்காக வந்தன. புரொடக்‌ஷனுக்கும் போயாயிற்று.

மறுநாள் ஒரு வாடிக்கையாளர், ஒரே அறிக்கை தனக்கு ஐந்து முறை வந்திருக்கிறது என்று எழுதியிருந்தார். ஆறாவதும் வந்துகொண்டிருக்கிறதோ என்ற பயத்தில் ஒர்க்கர்களை நிறுத்திவிட்டு லாக்கைத் திறந்தேன். அந்த அறிக்கையின் எண்ணைத் தேடினால், 10:02-க்கு முதல் ஒர்க்கர் எடுத்திருக்கிறது. 10:03-க்கு இரண்டாவது ஒர்க்கர் அதே எண்ணை எடுத்திருக்கிறது. 10:04-க்கு மூன்றாவது. 10:06-க்கு முதல் ஒர்க்கர் வேலையை முடித்து, மின்னஞ்சலும் அனுப்பிவிட்டு, "முடிந்தது" என்று ப்ரோக்கரிடம் (க்யூவை நடத்தும் ராபிட்எம்க்யூ சர்வர்) அக், அதாவது ஒப்புகை, கொடுக்கப் போனால் அங்கே இணைப்பே இல்லை. பிழை வந்து செத்து, மறுபடி எழுந்து, மறுபடி அதே செய்தியை எடுத்திருக்கிறது.

ப்ரோக்கரின் லாக்கில் காரணம் ஒரே வரியில் இருந்தது: கிளையன்ட்டிடமிருந்து ஹார்ட்பீட் வரவில்லை, டைம்அவுட் 60 விநாடி.

ராபிட்எம்க்யூவும் அதனோடு இணைந்திருக்கும் நிரலான கிளையன்ட்டும் "உயிரோடு இருக்கிறேன்" என்று அவ்வப்போது ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ள வேண்டும். இயல்பான டைம்அவுட் 60 விநாடி, அதில் பாதிக்கு ஒருமுறை, அதாவது 30 விநாடிக்கு ஒரு துடிப்பு போகும். இரண்டு துடிப்பு தவறினால் எதிராளி போய்விட்டான் என்று இணைப்பை மூடிவிடும். அக் வராத செய்தி க்யூவுக்குத் திரும்பும், வேறொரு ஒர்க்கர் எடுத்துக்கொள்ளும். நியாயமான ஏற்பாடுதான். தவறு என்னுடையது. பிக்காவின் பிளாக்கிங் கனெக்‌ஷனில், செய்தி வந்ததும் ஓடும் ஃபங்ஷனுக்குள்ளேயே முழு அறிக்கையையும் தயாரித்தேன். அந்த ஃபங்ஷன் திரும்பும் வரை அதே த்ரெட்டால் (நிரலுக்குள் வரிசையாக ஓடும் ஒரு வேலை இழை) ஹார்ட்பீட் அனுப்ப முடியாது. சோதனை அறிக்கைகள் பத்து விநாடியில் முடிபவை, அதனால் தப்பித்தன. இது நான்கு நிமிட அறிக்கை. நாங்கள் நிறுத்தியிருக்காவிட்டால் நாள் முழுக்க நிமிடத்துக்கு ஒன்று போயிருக்கும்.

அவசரத்தில் நான் செய்ததைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஹார்ட்பீட்டை 0 என்று வைத்தேன், அதாவது துடிப்பே வேண்டாம். பெரிய அறிக்கைகள் ஒழுங்காகப் போக ஆரம்பித்தன. அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் பார்த்தால் க்யூவில் 41 செய்திகள். நிர்வாகப் பக்கம் நான்கு கன்சூமர்கள் (செய்தியை எடுக்கும் ஒர்க்கர்கள்) இருக்கிறார்கள் என்கிறது, ஆளுக்கு ஒரு செய்தி கொடுத்து அக் வராமல் காத்திருக்கிறது. ஒர்க்கர் பக்கம் போனால் அவையும் ஓடுகின்றன, லாக்கில் பிழை ஒன்றுமில்லை, "செய்திக்குக் காத்திருக்கிறேன்" என்பதோடு சரி. இருவரும் தொலைபேசியைக் காதில் வைத்தபடியே உட்கார்ந்திருக்கிறார்கள், லைன் எப்போதோ அறுந்துவிட்டது. இரவில் வேலை இல்லாததால் இணைப்பில் ஒரு பைட்கூட ஓடவில்லை. சும்மா கிடக்கும் இணைப்பைச் சில நிமிடங்களில் மறந்துவிடுவது நடுவில் இருக்கும் லோட் பேலன்சர், நாட் போன்ற நெட்வொர்க் இடைநிலைகளின் வழக்கம். இரு முனைகளுக்கும் அது தெரியாது. சும்மா கிடக்கும் இணைப்பை இயங்குதளமே சோதிக்கும் வசதியான டிசிபியின் கீப்அலைவ் இருக்கிறதே என்று கேட்கலாம். லினக்ஸில் அது தானாக இயங்குவதில்லை, சாக்கெட்டில் (நிரலின் பக்கத்து இணைப்பு முனை) கேட்டால்தான் உண்டு. கேட்டாலும் முதல் சோதனை 7,200 விநாடிக்குப் பிறகு, அதாவது இரண்டு மணி நேரம் கழித்து.

வெப் பக்கத்தில் நடந்தது இதைவிட மோசம். இரவெல்லாம் சும்மா கிடந்த இணைப்பில் காலையில் முதல் செய்தியைப் போட்டிருக்கிறது. சாக்கெட் அதை வாங்கிக்கொண்டதால் நிரலின் கண்ணில் எல்லாம் வெற்றி. திரையில் "அறிக்கை விரைவில் வரும்" என்று பயனருக்குக் காட்டியும் ஆயிற்று. செய்தி ப்ரோக்கருக்குப் போகவே இல்லை. ஐந்து முறை வந்தவராவது புகார் சொன்னார். ஒருமுறையும் வராதவர் மறுநாள் வரை பொறுமையாகக் காத்திருந்திருக்கிறார்.

அதன் பிறகுதான் ஒழுங்காக உட்கார்ந்தேன். ஹார்ட்பீட்டை மறுபடி 60 ஆக்கினேன். ஒர்க்கரில் இணைப்பைக் கவனிக்க ஒரு த்ரெட், அறிக்கை தயாரிக்க இன்னொன்று. பிக்காவின் இணைப்பை இரண்டு த்ரெட்கள் ஒரே நேரத்தில் தொடக்கூடாது. அதனால் வேலை செய்யும் த்ரெட் தானே அக் கொடுக்காமல், இணைப்பின் த்ரெட்டிடம் "இதற்கு அக் கொடு" என்று ஒப்படைக்கும். இதற்கென்றே பிக்காவில் ஒரு ஃபங்ஷன் இருக்கிறது, ஆவணத்தில் எடுத்துக்காட்டோடு. முன்பே படித்திருந்தால் ஒரு வாரம் மிச்சம். ப்ரீஃபெட்சை (அக் வருவதற்குள் ஒரு ஒர்க்கருக்குக் கொடுக்கக்கூடிய செய்திகளின் எண்ணிக்கை) முதலிலேயே 1 என்று வைத்திருந்தேன், அது அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன். அக் கொடுக்காமல் ஒரு செய்தியை வைத்திருக்க ராபிட்எம்க்யூ இயல்பாக அனுமதிக்கும் நேரம் 30 நிமிடம். எங்கள் அறிக்கை எதுவும் அதன் பக்கத்தில்கூட வராது.

வெப் பக்கத்தில் செய்தி போடுவதற்கும் தனி த்ரெட், ஒவ்வொரு ப்ராசஸுக்கும் சொந்த இணைப்பு. முக்கியமாக, பப்ளிஷர் கன்ஃபர்மை இயக்கினேன். ப்ரோக்கர் "வாங்கிக்கொண்டேன்" என்று பதில் சொன்ன பிறகுதான் பயனருக்கு நல்ல செய்தி. க்யூவை டியூரபிள், அதாவது ப்ரோக்கர் அணைந்து எழுந்தாலும் அழியாதது, ஆக்கி, செய்திகளையும் வட்டில் எழுதும்படி குறித்தேன். ஏற்கெனவே இருக்கும் க்யூவை வேறு பண்புகளோடு அறிவித்தால் 406 வரும். வந்தது. பழைய க்யூ காலியாகும் வரை காத்திருந்து, அழித்து, புதிதாக உருவாக்கினேன்.

இவ்வளவு செய்தும் ஒரே செய்தி இரண்டு முறை வராது என்று யாராலும் உறுதி தர முடியாது. வேலை முடிந்து அக் போகும் அந்தக் கணத்தில் லைன் அறுந்தால் அது திரும்ப வரத்தான் செய்யும். அதனால் தரவுத்தளத்தில் அறிக்கை எண்ணுக்கு யுனிக் கட்டுப்பாடு (ஒரே எண் இரண்டு முறை ஏறாது) போட்ட சின்ன அட்டவணை ஒன்று வைத்தோம். மின்னஞ்சல் போனதும் அதில் ஒரு வரி விழும். ஒர்க்கர் வேலையை எடுத்ததும் முதலில் அங்கே பார்க்கும், இருந்தால் ஒன்றும் செய்யாமல் அக் கொடுத்துவிடும். மின்னஞ்சலுக்கும் அந்த வரிக்கும் நடுவில் செத்தால் இன்னொரு பிரதி போகும்தான். ஐந்து போவதற்கு ஒன்று கூடுதலாகப் போவது பரவாயில்லை என்று விட்டுவிட்டோம்.

இணைப்பு அறுந்தால் மறுபடி இணைவதும் இருக்கிறது. 1 விநாடி, 2, 4, 8 என்று இடைவெளியைக் கூட்டி, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் தற்செயலான தாமதமும் சேர்த்தேன். இல்லாவிட்டால் ப்ரோக்கர் பராமரிப்புக்காக ஒருமுறை அணைந்து எழுந்தவுடன் எல்லா ஒர்க்கர்களும் ஒரே விநாடியில் போய் மொய்க்கும்.

எல்லாம் முடிந்ததும் சோதனைச் சூழலில், நான்கு நிமிட அறிக்கை ஒன்று பாதியில் இருக்கும்போது, ஒர்க்கரிலிருந்து ப்ரோக்கருக்குப் போகும் பாக்கெட்டுகளை லினக்ஸின் ஃபயர்வால் கருவியான ஐபிடேபிள்ஸில் ஒரு விதி போட்டு விழுங்கவைத்தேன். ஒரு நிமிடம் சொச்சத்தில் இரு பக்க லாக்கிலும் இணைப்பு போனது என்று விழுந்தது. இன்னொரு ஒர்க்கர் செய்தியை எடுத்துக்கொண்டது. விதியை நீக்கினேன், முதல் ஒர்க்கர் மூன்றாவது முயற்சியில் இணைந்துகொண்டது. முதல் ஒர்க்கர் முடித்ததும் ஒரு மின்னஞ்சல் வந்தது. இரண்டாவது ஒர்க்கர் எடுத்தபோது அட்டவணையில் அந்த எண் இன்னும் ஏறியிருக்கவில்லை, அதனால் அதுவும் பாடுபட்டு நான்கு நிமிடம் அறிக்கை தயாரித்தது. அனுப்பும் இடத்தில் மறுபடி பார்க்க வேண்டும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. இரண்டாவது மின்னஞ்சலும் வந்துவிட்டது. அனுப்புவதற்குச் சற்று முன்பும் அட்டவணையைப் பார்க்கும்படி மூன்று வரி சேர்த்து, மறுபடி அதே விதியைப் போட்டு, மறுபடி அறுத்தேன். இந்த முறை ஒன்றுதான் வந்தது.