காணாமல் போன முன்பல்

என் மகனுக்கு அப்போது 1 வயது 8 மாதம். மாப் போட்ட ஈரம் காயாத டைல்ஸில், சிப்பரை வாயில் வைத்தபடியே அடுப்படியிலிருந்து ஓடி வந்தவன் குப்புற விழுந்தான். தூக்கிப் பார்த்தால் வாய் முழுக்க ரத்தம். மேல்வரிசை முன்பல் ஒன்றைக் காணோம். நானும் அத்தையும் சோபாவுக்கு அடியில், மிதியடிக்குக் கீழே என்று தேடினோம். கிடைக்கவில்லை. மூச்சுக்குழாய்க்குள் போயிருக்குமோ என்று நினைத்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது.

முதலில் போன இடத்தில், "பால்பல்தானே, எப்படியும் விழப்போறதுதான்" என்று மருந்து மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். மனசு கேட்கவில்லை. அன்று சாயங்காலமே குழந்தைகளுக்கான பல் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனோம்.

அவரும் நானும் முழங்கால் இடிக்க எதிரெதிரே உட்கார்ந்தோம். பிள்ளையின் கால்கள் என் இடுப்பைச் சுற்றி, தலை அவர் மடியில். அவன் வீறிட்டு அழ, அந்த நேரத்தில் வாய்க்குள் பார்த்துவிட்டார். அப்புறம் எக்ஸ்ரே. பல் எங்கும் போகவில்லை, ஈறுக்குள் ஏறி உட்கார்ந்திருந்தது! இந்த வயதில் தாடை எலும்பு மிருதுவாக இருப்பதால், பல் உடைவதைவிட இடம் மாறுவதுதான் அதிகமாம்.

"விரல் சூப்புவானா?" என்று கேட்டார். கைக்குழந்தையிலிருந்தே சூப்புகிறான். அதனால் மேல்பற்கள் முன்னால் தள்ளி, உதடு சரியாக மூடாமல் இருந்ததைக் காட்டினார். உதடு தாங்க வேண்டிய அடியை எத்துப்பல் வாங்கிக்கொள்கிறது. நடை பழகும் வயது, ஈரத் தரை, வாயில் சிப்பர் என்று மற்றதெல்லாமும் சேர்ந்துகொண்டது. வீட்டில் வாக்கர் இருக்கிறதா என்றும் விசாரித்தார். கனடாவில் 2004லேயே அதற்குத் தடை போட்டுவிட்டார்கள் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். யாருக்கும் கொடுக்க மனம் வராமல், உடைத்துப் பழைய பிளாஸ்டிக்கோடு போட்டோம்.

பல்லைப் பிடுங்கவில்லை. தானாக இறங்கும், 6 மாதமோ ஒரு வருடமோ ஆகலாம் என்றார். குழைந்த சாதம், மிருதுவான பிரஷ், சொன்ன தேதியில் செக்கப். கிளம்பும்போது, கூட வந்திருந்த 8 வயது மகளைப் பார்த்துவிட்டு இன்னொன்றும் சொன்னார். பால்பல் கழன்று விழுந்தால் திரும்பப் பொருத்தவே கூடாது, மேலே இருக்கும் நிலைப்பல்லின் மொட்டு கெட்டுவிடும். ஆனால் இவளுக்கு நிலைப்பல் விழுந்தால், வேரைத் தொடாமல் எடுத்து உடனே குழியில் வைத்துப் பிடிக்க வேண்டும். முடியாவிட்டால் பாலில் போட்டு, ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிட வேண்டும்.

ஐந்தாவது வாரம் பல் தேய்த்துவிடும்போது ஈறில் நொய்யரிசி போல வெள்ளையாக ஒன்று தெரிந்தது. அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டு பேரும் அழுதுவிட்டோம்.

இப்போது அவனுக்கு 3 வயது. பல் முழுதாக இறங்கிவிட்டது, நிறம்தான் கொஞ்சம் சாம்பல். 7, 8 வயதில் நிலைப்பல் முளைக்கும்போது அதில் வெள்ளையாகவோ பழுப்பாகவோ திட்டு இருக்கலாம் என்று சொல்லியிருக்கிறார். விரல் சூப்புவது இப்போது தூக்கத்தில் மட்டும்தான். மெதுவாக எடுத்துவிடுகிறேன்.