முட்டியைப் பாருங்க

அமெரிக்காவில், நாஷ்வில்லில் நான் வந்து இறங்கியது ஒரு ஜனவரி மாதம். பெல்வ்யூ பக்கம் சின்ன ஃபிளாட். அங்கே வீடு பார்த்ததற்கு ஒரே காரணம், பிள்ளையார் கோயில் கிட்டே இருந்ததுதான். ஞாயிறு காலை கோயில், அப்புறம் துணி துவைக்கிறது, ராத்திரி அம்மாவுக்கு போன். ஐந்து மணிக்கே இருட்டிவிடும். மரமெல்லாம் மொட்டையாக நிற்கும். அந்த இரண்டு மாதத்தை நினைத்தால் இன்றைக்கும் தொண்டை அடைக்கிறது.

கன்ட்ரி என்கிற அமெரிக்கக் கிராமத்து இசை அந்த ஊரில் எங்கே போனாலும் காதில் விழும். மளிகைக் கடையில், முடி வெட்டுகிற இடத்தில், ஆபீஸ் லிஃப்டில். எனக்கு அதில் மனசு ஒட்டவே இல்லை.

மார்ச்சில் ஒரு சனிக்கிழமை மதியம் பிராட்வே தெருவில் நடந்துகொண்டிருந்தேன். கடைக்குக் கடை மேடை போட்டுப் பாடுகிற தெரு. டிக்கெட் கிடையாது, உண்டியலில் விழுகிற காசை நம்பித்தான் வாசிக்கிறார்கள். ராபர்ட்ஸ் வெஸ்டர்ன் வேர்ல்ட் என்ற பாரின் வாசலைத் தாண்டும்போது உள்ளேயிருந்து கோட்டுவாத்தியம் கேட்டது. சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு இழைந்துகொண்டே போகிற அதே குழைவு. தாத்தாவின் ரேடியோவில் கேட்டது. கால் தானாக உள்ளே போனது.

மேடை ஓரத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். முன்னால் மேசை மாதிரி ஒன்று, நான்கு காலில். பெடல் ஸ்டீல் கிடார் என்று அப்புறம்தான் தெரிந்தது. அதன் மேல் இரண்டு வரிசைத் தந்தி, வரிசைக்குப் பத்து. இடது கையில் வழவழப்பான எஃகு உருளை. வலது கையில் கட்டைவிரலுக்கும் இன்னும் இரண்டு விரலுக்கும் மீட்டுவதற்கு நகம் மாதிரி பிக். முகத்தில் எந்தச் சலனமும் இல்லை. பாடுகிறவர் ஒரு வரியை முடித்து மூச்சு வாங்கும் இடத்தில் மட்டும் இவர் நுழைவார், அடுத்த வரிக்கு முன்னால் விலகிவிடுவார். அந்த அடக்கம் எனக்கு முதலில் பிடித்தது.

இடைவேளையில் உண்டியலில் காசு போட்டுவிட்டு, இதை எப்படி வாசிக்கிறீர்கள் என்று கேட்டேன். “கையைப் பார்த்தா ஒண்ணும் புரியாது. கீழே பாருங்க, முட்டியைப் பாருங்க” என்று பக்கத்திலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்தார்.

அடியில் எட்டு பெடல். முட்டியால் தள்ள இரண்டு பக்கமும் நெம்புகோல்கள். மூன்று தந்திகளைச் சேர்த்து மீட்டினார். உருளையை அசைக்கவே இல்லை. இடது பாதத்தை மட்டும் இரண்டு பெடல்மேல் மெதுவாகச் சாய்த்தார். ஒரு தந்தி ஒரு முழு ஸ்வரம் ஏறியது, இன்னொன்று அரை ஸ்வரம், மூன்றாவது நின்ற இடத்திலேயே நின்றது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கோட்டுவாத்தியத்தில் கட்டையை நகர்த்தினால் அதன் கீழே இருக்கிற தந்தியெல்லாம் சேர்ந்தேதான் போகும். இங்கே இரண்டு பேர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்ப, ஒருவர் வாசலிலேயே நிற்கிற மாதிரி இருந்தது. வலது பாதம் வேறொரு பெடலில். தந்தியின் ஒலி தேயத் தேய அதை அழுத்தி அழுத்தி எழுப்புகிறார். அதனால்தான் மீட்டிய சத்தமே தெரியாமல், யாரோ பாடுகிற மாதிரி நீள்கிறது. இரண்டு கை, இரண்டு பாதம், இரண்டு முட்டி, எல்லாம் ஒரே நேரத்தில்!

அதற்கப்புறம் விடாமல் படித்தேன், கேட்டேன். தந்தியின் மேல் எஃகை வழுக்கும் வித்தை ஹவாய்த் தீவுகளில் ஜோசப் கெகுகுவிடமிருந்து வந்தது. தந்தி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பெடலை அழுத்தி ஸ்வரத்தை வளைப்பதை ஊரே கேட்டது கன்ட்ரி பாடகர் வெப் பியர்ஸின் 1954 இசைத்தட்டு ஒன்றில். வாசித்தவர் பட் ஐசக்ஸ். அதைக் கேட்ட மற்ற ஸ்டீல்காரர்களுக்கும் பெடல் வேண்டியிருந்தது. ஐசக்ஸ் இரண்டு தந்தியையும் ஒரே பெடலில் ஏற்றினார். அதை இரண்டு பெடலாகப் பிரித்தவர் பட்டி எமன்ஸ். அன்று என்னைச் சிலிர்க்க வைத்த அந்த இரண்டு பெடல் அவருடைய யோசனை. ஷாட் ஜாக்சனோடு சேர்ந்து அவர் தொடங்கியது ஷோ-பட் என்ற ஸ்டீல் கிடார் கம்பெனி. நான் நுழைந்த ராபர்ட்ஸ் இருக்கிற கட்டடத்தில்தான் முன்பு ஷோ-பட் கடை இருந்தது என்று தெரிந்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. எமன்ஸ் 2015-இல் காலமானார். நான் போய்ச் சேர்வதற்குள் போய்விட்டார், அது இன்னும் உறுத்துகிறது.

பால் ஃபிராங்க்ளினை நேரில் கேட்டுவிட்டேன். டைர் ஸ்ட்ரெய்ட்ஸ் என்ற ராக் குழுவோடும் ஸ்டீல் வாசித்தவர். டைம் ஜம்பர்ஸ் குழுவில் திங்கள் ராத்திரி. வேகமான உருப்படியில் ஒரு ஸ்வரம்கூட அழுக்காகாமல் வாசித்தார். ஆனாலும் எனக்கு மெதுவான பாட்டில் அவர் ஒரே ஒரு ஸ்வரத்தைப் பிடித்து நிறுத்தியதுதான் பெரிது. அரங்கத்தில் கண்ணாடி டம்ளர் வைக்கிற சத்தம்கூட இல்லை.

போன வருஷம் அம்மா வந்திருந்தாள். ஒரு மதியம் ராபர்ட்ஸுக்குக் கூட்டிப்போனேன். பீர் வாசனைக்கு மூக்கைச் சுளித்தாள், ஆனால் எழுந்து போகவில்லை. அன்று வாசித்தது வேறொருவர், இளைஞர். மூன்றாவது பாட்டில் திரும்பிப் பார்த்தேன். அம்மா மேடையைப் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்து அந்த மேசைக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏண்டா, அந்தப் பையனுக்கு முட்டி வலிக்காதா?” என்றாள்.