வெள்ளவத்தை வீட்டுக்கு ஒன்பது வாட்

மதுரையில் இருந்தவரை கரண்ட் பில்லைப் பற்றிப் பெரிதாக யோசித்ததில்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பார்கள், முதல் 100 யூனிட் இலவசம், மிச்சத்தைக் கட்டிவிட்டு மறந்துவிடுவோம். கொழும்பில் மாதாமாதம் பில். 60, 90, 120 என்று ஒவ்வொரு படியைத் தாண்டும்போதும் யூனிட் விலை ஏறுகிறது, நிலையான கட்டணமும் கூடுகிறது. வெள்ளவத்தையில் குடியேறிய முதல் மாதம் எங்களுக்கு 112 யூனிட்.

வீட்டில் பழைய 60 வாட் குண்டு பல்புகள் நான்கு இருந்தன. தினமும் ஐந்து மணி நேரம் எரிந்தால் மாதம் 36 யூனிட். அதே இடத்தில் 9 வாட் எல்.இ.டி. போட்டால் ஐந்தரை யூனிட்கூட ஆகாது. கணக்குப் போட்டதும் அன்றே புறக்கோட்டைக்குப் போய், நடைபாதையில் மலிவாகக் கிடைத்ததை வாங்கிவந்தேன். இரண்டே மாதத்தில் குளியலறை பல்ப் போய்விட்டது, ஹால் பல்ப் சிமிட்ட ஆரம்பித்தது. புது ஊரில் எண்ணி எண்ணிச் செலவு செய்யும்போது இப்படி ஆனால் மனசு விட்டுப்போகிறது.

பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அக்காதான் வந்து பார்த்தார். "குமிழை மட்டும் குறை சொல்லாதையும் தங்கச்சி. மூடியைக் கழட்டிப் பாரும், சூடு முழுக்க உள்ளுக்கதான் நிக்குது" என்றார். உண்மைதான். எல்.இ.டி.யில் வெளிச்சம் தரும் சில்லு லேசில் கெடாது. அதன் அடியில் மின்சாரத்தை மாற்றித் தரும் சின்னச் சுற்று இருக்கிறதே, அதிலுள்ள கெபாசிட்டர்தான் வெக்கையில் சாகும். கண்ணாடி மூடி இறுக மூடியிருந்தால் எல்.இ.டி. பல்ப் சீக்கிரம் போகலாம். ஹாலில் வேறு கதை: கடல் காற்று பட்டு ஹோல்டரின் பின்கள் பச்சை பூத்திருந்தன. தொடர்பு சரியில்லாமல்தான் சிமிட்டியிருக்கிறது. ஹோல்டரை மாற்றினோம்.

அப்புறம் காலி வீதியில் ஒரு கடைக்குப் போனோம். "பின் டைப்போ, ஸ்க்ரூ டைப்போ?" என்றுதான் முதலில் கேட்டார்கள். எங்கள் வீட்டில் இரண்டும் இருக்கிறது. கெட்ட பல்பைக் கையோடு கொண்டுபோனது நல்லதாயிற்று. வாட்டைப் பார்க்காமல், வெளிச்சத்தின் அளவைச் சொல்லும் லூமென் பாருங்கள். பழைய 60 வாட் வெளிச்சத்துக்குச் சுமார் 800 லூமென் வேண்டும். நான் முதலில் வாங்கிய பெட்டியில் லூமென் என்ற சொல்லே இல்லை. 15,000 மணி நேரம் என்று போட்டிருந்தால் தினம் ஐந்து மணி நேரம் எரித்தால் எட்டு வருடம் வரும், ஆனால் எழுதியதெல்லாம் உழைப்பதில்லை. இரண்டு வருட வாரண்டிதான் எனக்குத் தெம்பு. கடைக்காரர் ஒவ்வொன்றையும் எரியவிட்டுக் காட்டி, பல்பின் கழுத்திலேயே தேதி எழுதிக் கொடுத்தார். மீன் வெட்டும் அடுப்படிக்கு வெள்ளை வெளிச்சம், படுக்கையறைக்கு மஞ்சள்.

எல்.இ.டி.க்கு மாறியபின் பில் 81 யூனிட். 90க்குள் நின்றதைப் பார்த்து கணவருக்கு ஆபீசுக்கே போன் செய்துவிட்டேன்.

கடை பில்லின் எழுத்து சீக்கிரம் மங்கிவிடும் என்று அக்கா சொன்னதால் போனில் படமெடுத்து வைத்திருக்கிறேன். குளியலறையில் இப்போது மூடி இல்லை. அந்த பல்புக்கு வருகிற தையில் ஒரு வருடம்.