வீட்டு ஜெல்லிஃபினை வெளியூரிலிருந்து திறந்த வழி

மதுரை வீட்டில் பழைய மடிக்கணினி ஒன்றில் உபுண்டு இயங்குதளத்தை நிறுவி, நம்மிடம் உள்ள வீடியோக்களைப் பிற கருவிகளில் பார்க்க உதவும் ஜெல்லிஃபின் என்ற மென்பொருளைச் சர்வராக ஓடவிட்டிருக்கிறேன். அப்பா எடுத்த விஎச்எஸ் கேசட்டுகளை டிஜிட்டலாக மாற்றி அதில் வைத்திருப்பதால், அது எனக்குக் குடும்பப் பெட்டகம். சென்னையில் இருக்கும் அக்காவும் அவற்றைப் பார்க்க வேண்டும் என்றுதான் இந்த வேலையில் இறங்கினேன்.

முதலில் ரௌட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் செய்து, அதாவது வெளியிலிருந்து வரும் அழைப்பை வீட்டுக் கணினிக்குத் திருப்பிவிட்டு, ஜெல்லிஃபின் பயன்படுத்தும் 8096 என்ற போர்ட்டைத் திறந்தேன். வெளியிலிருந்து எதுவும் வந்து சேரவில்லை. ரௌட்டரின் வெளிப்பக்க (WAN) ஐபி முகவரி 100.72 என்று தொடங்கியதைக் கண்டபோது காரணம் விளங்கியது. 100.64.0.0 முதல் 100.127.255.255 வரையிலான முகவரிகள், ஒரே பொது ஐபியைப் பல வீடுகளுக்குப் பகிரும் சிஜிநாட் முறைக்கென 2012-இல் ஒதுக்கப்பட்டவை. ஆகவே வெளியிலிருந்து வரும் அழைப்பு, இணைய நிறுவனத்தின் கருவியோடு நின்றுவிடும். அது நின்றதும் நல்லதே. 8096 வழியாகச் செல்வது மறையாக்கம் இல்லாத எச்டிடிபி என்பதால், கடவுச்சொல்லும் திறந்த கடிதம்போலத்தான் பயணப்பட்டிருக்கும்.

பிறகு, வெவ்வேறு இடங்களில் உள்ள கருவிகளை ஒரே தனிவலையில் இணைக்கும் டெய்ல்ஸ்கேல் என்ற சேவையை நிறுவினேன். சர்வரும் கைப்பேசியும் தாமாகவே வெளியே சென்று ஒன்றையொன்று கண்டுகொண்டு, வயர்கார்டு என்னும் நெறிமுறையின் மறையாக்கத்தில் நேர் இணைப்பை அமைத்துக்கொள்வதால், ரௌட்டரில் எந்தப் போர்ட்டையும் திறக்க வேண்டியதில்லை. அக்காவைத் தனிக் கணக்குத் தொடங்கச் சொல்லி, ஷேர் வசதியின் மூலம் அந்த ஒரு கணினியை மட்டும் அவருக்குப் பகிர்ந்தேன்.

ஆனாலும் படம் திக்கித் திக்கித்தான் ஓடியது. டெய்ல்ஸ்கேலின் ஸ்டேட்டஸ் கட்டளையில் இணைப்பு 'டைரக்ட்' என்றே காட்டியதால், ரிலே எனப்படும் இடைச் சர்வர் வழியாகச் சுற்றிப் போகவில்லை என்பது உறுதியாயிற்று. சிக்கல் கோப்புகளில் இருந்தது: கேசட்டுகளை எம்பெக்-2 வடிவில் பதிவுசெய்திருந்தேன், அக்காவின் கைப்பேசியால் அதை நேரடியாக இயக்க முடியாததால், மடிக்கணினி ஒவ்வொரு முறையும் உடனுக்குடன் டிரான்ஸ்கோடு செய்து, அதாவது வேறு வடிவுக்கு மாற்றி, திணறியது. எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்றி மென்பொருள் கொண்டு, பழைய வீடியோக்களில் அசைவின்போது தெரியும் இன்டர்லேஸ் கோடுகளை நீக்கி, எல்லாவற்றையும் கைப்பேசிகள் நேரடியாக இயக்கும் எச்.264 வடிவுக்கு மாற்றிவைக்க மூன்று இரவுகள் ஆயின. அதன்பின் தடங்கலே இல்லை.

ஆறு மாதம் கழித்து ஒருநாள் அக்கா, "எதுவும் திறக்கலடா" என்று அழைத்தார். டெய்ல்ஸ்கேலில் ஒவ்வொரு கருவியின் உள்நுழைவை உறுதிசெய்யும் டிஜிட்டல் சாவியும் இயல்பாக 180 நாளில் காலாவதியாகிவிடும். சர்வருக்கு மட்டும் அந்தக் கெடுவை நிர்வாகப் பக்கத்தில் முதல் நாளே நீக்கியிருக்க வேண்டும். மதுரைக்குப் போய் மறுபடி உள்நுழைந்து அதைச் செய்துவிட்டுத்தான் திரும்பினேன்.